மவுசாகலை வற்றினால் தெரியும் ஊர்

மவுசாகலை நீர்த்தேக்கம் அடிமட்டத்துக்கு இறங்கும் வருடங்களில் இலங்கை மலையகத்திலிருந்து ஒரு செய்தி தவறாமல் வரும்: பழைய மஸ்கெலியா வெளியே தெரிகிறது. காய்ந்து வெடித்த சேற்றின் நடுவே சண்முகநாதர் கோயிலின் எஞ்சிய கல்லும் சுவரும், பௌத்த விகாரையின் மிச்சம், பள்ளிவாசலின் மிச்சம். ஹட்டனிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் சனம் பார்க்கப் போகிறது. சிவனொளிபாதமலைக்கு வந்தவர்கள் வழியில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். தொலைக்காட்சியில் அரை நிமிடம், பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு படம். மழை பிடித்ததும் செய்தி முடிந்துவிடும். அடுத்த வறட்சியில் ஏறத்தாழ அதே வாசகங்களோடு மீண்டும் வரும்.

உலகப் பயணச் செய்திகளில் இது ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. ஸ்பெயினில், இத்தாலியில், பிலிப்பைன்ஸில், மேட்டூரில், கொத்மலையில் என்று எங்கெல்லாம் அணைக்குள் ஊர் போனதோ அங்கெல்லாம் வறட்சி வந்தால் சுற்றுலாவும் வருகிறது. அதிசயம் என்ற தலைப்பில் இந்தச் செய்திகள் பரவுகின்றன. பார்க்கப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. நீரிலிருந்து எழும் ஒரு கோயிலைப் பார்க்க ஆசைப்படாத மனிதர் யார்? ஆனால் மஸ்கெலியாவைப் பொறுத்தவரை, எது நீருக்குள் போனது, எது மேலே நின்றது, போனதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் 1948க்கும் 1969க்கும் இடைப்பட்ட இருபத்தொரு வருடங்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் போகும் பாதையில் மலைகளுக்கிடையே விரிந்து கிடப்பது காசல்ரீ நீர்த்தேக்கம். இது கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது; 1965இல் நிறைவேறியது. நோர்வூட்டைத் தாண்டி மஸ்கெலியாப் பக்கம் போனால் மவுசாகலை. இது மஸ்கெலி ஓயாவை மறித்தது, 1969இல் முடிந்தது, கொள்ளளவில் காசல்ரீயைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இரண்டு ஓயாக்களும் கீழே கூடித்தான் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகின்றன. காசல்ரீயின் நீர் நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, அங்கிருந்து பழைய லக்ஷபான நிலையத்துக்குப் போகிறது. மவுசாகலையின் நீர் கென்யோன் வழியாகப் புதிய லக்ஷபானவுக்குப் போகிறது. இரண்டும் பொல்பிட்டியவில் மறுபடி வேலை செய்கின்றன. ஒரே நீர் மலையிலிருந்து இறங்க இறங்கப் பலமுறை மின்சாரமாகிறது. பொறியியலாகப் பார்த்தால் மெச்சத்தக்க வேலைதான். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் நீண்ட காத்திருப்பு இருக்கிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மஸ்கெலி ஓயாவிலும் கெசல்கமு ஓயாவிலும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். குடியேற்ற அரசு இழுத்தடித்தது. வேலை தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. லக்ஷபானவின் முதற்கட்டம் 1950இல்தான் இயங்கியது. அதைக் கண்ணால் பார்த்து மூன்று வருடங்களில், 1953இல், அவர் இறந்தார். அவருடைய பெயர் மின்நிலையத்தின்மேல் இருக்கிறது, அது தகும். சுதந்திர இலங்கை தன் தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் வெளிச்சம் தேடிய காலத்தில் இந்த மலைகள்தான் அதைக் கொடுத்தன.

அந்த மின்சாரத்தின் கம்பிகள் தோட்டங்களுக்கு மேலாகக் கொழும்பை அடுத்த கொலன்னாவைக்குப் போயின. கீழே இருந்த லயங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், அதன்பின்னும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். காலை ஆள்கணக்கான பெரட்டுக்கு விடியுமுன் எழும்பும் பெண், மின்கம்பத்தின் காலடியில் இருந்துகொண்டு, குப்பிவிளக்கில் அடுப்பு மூட்டினாள். மலையகத்தில் வளர்ந்த எந்த முதியவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

நீரேறிய பள்ளத்தாக்கில் என்ன இருந்தது? டிக்கோயாவும் மஸ்கெலியாவும் முதலில் கோப்பிக்காகக் காடழிக்கப்பட்ட மலைகள். 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை ஏறியது. 1884இல் ரயில் பாதை ஹட்டனுக்கு வந்தது. அதன்பின் இந்த இரண்டு பள்ளத்தாக்குகளின் கொழுந்தும் ஆளும் அரிசியும் கடிதமும் ஹட்டன் ஸ்டேசன் வழியாகத்தான். தோட்டங்கள் தனித்தனித் தீவாக இருந்தன. தோட்டத்தை நடத்திய துரையின் அனுமதியின்றி வெளியாள் உள்ளே வர முடியாத காலம் அது. அந்தத் தீவுகளில் இருந்தவர்கள் வெளியுலகத்தைச் சந்தித்த இடம் டவுன். சம்பளத்துக்குப் பிறகு கடைத்தெருவுக்குப் போவார்கள், கடன் சொல்லி அரிசி வாங்குவார்கள், அடகு வைப்பார்கள், தபாற் கந்தோரில் ஊருக்கு மணியோடர் கட்டுவார்கள், தொழிற்சங்கக் கூட்டத்துக்கு நிற்பார்கள். மஸ்கெலியா டவுனும் அப்படிப்பட்ட ஒன்றுதான், ஓயாவின் அருகே, பாதையின் ஓரத்தில்.

அந்த டவுனில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு வற்றிய நீர்த்தேக்கமே சாட்சி. முருகன் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே தெருவில் வியாபாரம் செய்த, ஒரே மழையில் நனைந்த ஊர். தோட்டத்துக் கோயில்களுக்குச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பணம் பிடித்தார்கள். கூலி கைக்கு வருமுன்னரே சாமிக்கு உரிய காசு கழிந்துவிடும். டவுன் கோயிலுக்கு வியாபாரிகள் முன்னின்று கொடுத்தாலும் கும்பிடும் கூட்டமும் உண்டியல் காசும் மலையிலிருந்துதான் இறங்கி வந்திருக்கும். ஆகவே சேற்றிலிருந்து எழும் அந்தச் சுவரைப் பழங்காலச் சின்னம் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாண்டியனோ சோழனோ கட்டிய கோயில் அல்ல அது. நமக்குத் தெரிந்த தலைமுறைகள் நாட்கூலியில் கட்டியது. அதில் விளக்கேற்றியவர்களுடைய பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அது தெரியும் காலம் ஏன் மாசி பங்குனியாக அமைகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. இந்த மேற்குச் சரிவுகளை நிரப்புவது வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. தையில் குறையத் தொடங்கும் மழை, பங்குனி வரை திரும்பாது. அதே மாதங்களில் வெயில் ஏறுகிறது, நாட்டின் மின்தேவை ஏறுகிறது, நீர் திறந்துவிடப்படுகிறது. 2016, 2017 வறட்சி இலங்கை பல பத்தாண்டுகளில் கண்ட மோசமான வறட்சிகளில் ஒன்று. 2019 மார்ச் மாதத்தில் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடெங்கும் மின்வெட்டு வந்தது. பழைய ஊர் தெரிகிறது என்றால், கொழும்பில் மின்விசிறி நிற்கப் போகிறது என்று பொருள். சிவனொளிபாதமலைப் பருவமும் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைதான். ஹட்டனில் இறங்கி டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா கடந்து நல்லதண்ணிக்குப் போகும் லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் சரியாக நீர் இறங்கும் மாதங்களில்தான் இந்தப் பாதையில் போகிறார்கள். இலங்கையில் வேறெந்த மூழ்கிய ஊருக்கும் இப்படித் தானாக வந்து சேரும் பார்வையாளர் கூட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த இருபத்தொரு வருடங்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. மஸ்கெலியா அவற்றில் ஒன்று. தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, தங்கள் ஆளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. அடுத்த வருடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அதைத் தொடர்ந்த சட்டங்களில் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. பெயரளவில் தொகுதி மஸ்கெலியாதான். அதில் பெரும்பான்மையாக வாழ்ந்தவர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கிட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பிறகு பேசியது 1974இல், நாட்டுக்குப் பாதி.

காசல்ரீ நிறைந்தது 1965. மவுசாகலை நிறைந்தது 1969. எந்த நாட்டவர் என்று முடிவாகாத மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குகளில், அந்த முடிவு எழுதப்பட்டுக் கொண்டிருந்த அதே வருடங்களில், நீர் ஏறியது. அணை கட்டியவர்கள் இதைத் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆற்றின் அமைப்பும் மின்தேவையும்தான் இடத்தைத் தீர்மானித்தன. ஆனால் ஓர் ஊரை அழித்துப் பொதுத்தேவை ஒன்றை நிறைவேற்றும்போது அந்த ஊர் எதிர்த்துப் பேசும், பேரம் பேசும், மாற்றுநிலம் கேட்கும், தன் பெயரைப் பதிவில் ஏற்றும். வாக்கில்லாதவர் இதில் எதைச் செய்ய முடியும்?

சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் நிலத்தில் உரித்துள்ளவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது. தோட்டக்காணி கம்பனியினுடையது. டவுனில் கடைக்கட்டடம் வைத்திருந்தவருக்கு உறுதிப்பத்திரம் இருந்திருக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவருக்கு அந்தக் காம்பராவில் எந்த உரித்தும் கிடையாது. வேலை இருக்கும்வரை இருக்கலாம், அவ்வளவே. வாசலில் நட்ட மரம், பின்னால் வைத்த மரக்கறித் தோட்டம், மேட்டில் புதைத்த பெற்றோர் எதுவும் சட்டத்தின் கண்ணில் சொத்து அல்ல. டவுனை மேட்டுக்கு மாற்றினார்கள்; இன்றைய மஸ்கெலியா அப்படி வந்ததுதான். சண்முகநாதருக்கும் மேலே புதிய கோயில் எழுந்தது. சாமிக்கும் கடைக்கும் மாற்று இடம் இருந்தது. நினைவுக்கு இல்லை.

தோட்டத்தின் மேடுபள்ளத்தைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். துரையின் பங்களா எப்போதும் காற்றும் காட்சியும் உள்ள மேட்டில். இஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலை பாதை வசதி பார்த்துச் சரிவில். லயங்கள் தேயிலைக்கு உதவாத மூலைகளில், ஓடைப் பள்ளங்களில். கடைத்தெரு அடிவாரத்தில், ஓயாவோரம். இந்த அமைப்பின்மேல் ஒரு நீர்மட்டக் கோட்டைக் கிடையாக வரைந்தால் எது மூழ்கும், எது தப்பும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

காசல்ரீக் கரையில் அதைக் கண்ணால் காணலாம். நீரைப் பார்த்து நிற்கும் வார்லி தேவாலயம் 1878இல் தோட்டத்துரைமாருக்காகக் கட்டப்பட்டது. மேட்டில் இருந்ததால் அப்படியே இருக்கிறது, அதன் கல்லறைகளோடும் பெயர் பொறித்த கற்களோடும். இன்று உல்லாசப் பயணிகள் தவறாமல் நிறுத்திப் பார்க்கும் இடம் அது. அதே மலைகளில் டில்மா தேயிலை நிறுவனத்தின் குடும்பத்தினர் பழைய துரை பங்களாக்களை எடுத்து 2005 முதல் சிலோன் டீ டிரெயில்ஸ் என்ற சொகுசு விடுதிகளாக மாற்றினார்கள். காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டன்கெல்ட், டியன்சின் ஆகிய ஐந்து பங்களாக்கள். டியன்சின் 1888ஆம் ஆண்டையது. உலகப் பயண இதழ்கள் மெச்சி எழுதும் விடுதிகள். 2013இல் தொடங்கிய சினமன் எயார் காசல்ரீ நீர்ப்பரப்பில் சிறு நீர்விமானங்களை இறக்கியது. கொழும்பிலிருந்து காரில் நான்கைந்து மணிநேரம் எடுக்கும் பயணத்தை அரைமணி நேரத்துக்குள் முடித்துப் பயணி தேயிலை மலைக்கு நடுவே நீரில் இறங்கலாம். கொழுந்து கிள்ளும் பெண்கள் தலைநிமிர்ந்து பார்த்த அந்தக் காட்சியும் உலகப் பயணச் செய்திகளில் ஒரு விந்தையாக வந்தது. விமானம் இறங்கிய நீர் ஒரு பள்ளத்தாக்கின்மேல் நிற்கிறது என்பதை அந்தச் செய்திகள் சொல்லவில்லை. விடுதிகள் வேலை கொடுக்கின்றன, பங்களாக்களைப் பழுதுபார்த்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பழிப்பது என் நோக்கமல்ல. மேட்டில் இருந்தது பாரம்பரியம் என்று பேணப்படுகிறது, பள்ளத்தில் இருந்ததற்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இதே மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் கூடிய களனி கங்கையில், கீழே கித்துல்கலையில், 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காக ஒரு பாலம் கட்டி உடைத்தார்கள். அந்தப் பாலம் நின்ற இடத்தைக் காட்டப் பலகை இருக்கிறது, வழிகாட்டிகள் இருக்கிறார்கள், வெளிநாட்டவர் தேடி வருகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் நீரில் மூழ்கிய ஊர்கள் பல. 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்குள் போன பண்ணவாடியில், நீர்மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். சேலம் மாவட்டத்தில் நந்தி தெரிந்துவிட்டது என்றால் காவிரி டெல்டா விவசாயிக்கு வயிறு கலங்கும். அணை எவ்வளவு காலியாகிவிட்டது என்பதற்கு அதுவே அளவுகோல். பவானிசாகர் அணைக்குள் தண்ணாயக்கன் கோட்டையின் மாதவப் பெருமாள் கோயில், ஹொய்சாளத் தளபதியின் பெயரோடு கல்வெட்டுகளோடு கிடக்கிறது. அது அரசகுலத்துக் கட்டடம். தொல்லியலாளர் கவனித்தார்கள், எழுதினார்கள். இலங்கையிலேயே கொத்மலை நீர்த்தேக்கத்தில், 1985இல் மூழ்கிய கடதொர விகாரை வறட்சியில் எழுகிறது. கொத்மலையில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மகாவலித் திட்டத்தில் நிலம் கிடைத்தது. போதுமானதா, பொருத்தமானதா என்று அதைப் பற்றி ஆய்வுகள் நடந்தன; அந்த மக்களின் துயரம் பாட்டாகவும் படமாகவும் நினைவுகூரப்படுகிறது. அது சரியானதே. அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்னால் மூழ்கிய மஸ்கெலியாவுக்கும் அதே கவனம் உரியது.

வெளிநாடுகளில் எனக்கு மிக நெருக்கமாகப் படுவது வட இத்தாலியின் கிரவுன். 1950இல் ரேஷன் ஏரிக்குள் போன ஊர். அதன் பதினான்காம் நூற்றாண்டு மணிக்கோபுரம் மட்டும் நீருக்குமேல் நிற்கிறது. ஐரோப்பாவில் அதிகம் படம் எடுக்கப்படும் கோபுரங்களில் ஒன்று. அங்கே வாழ்ந்தவர்கள் ஜெர்மன் பேசியவர்கள். முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலிக்குள் வந்த நிலம் அது. ஏரி உயரப்போகிறது என்ற அறிவித்தல் இத்தாலிய மொழியில் ஒட்டப்பட்டது. ஊரவருக்கு அது விளங்கவில்லை. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய நாட்டில் இதைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆயினும் கிரவுன் மக்கள் பிறகு தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் நிலைக்கு வந்தார்கள். கோபுரத்தைப் பார்க்க வருபவருக்கு இன்று அதன் வரலாறும் சேர்ந்தே கிடைக்கிறது.

இத்தாலியின் இன்னொரு மூலையில், வாக்லி ஏரிக்குள் உள்ள ஃபாப்ரிச்சே தி கரெஜின், பராமரிப்புக்காக ஏரி வடிக்கப்பட்ட 1958, 1974, 1983, 1994 ஆகிய நான்கு முறை வெளியே வந்தது. ஸ்பெயினின் அசெரெதோ 1992இல் போர்த்துக்கேய அணை ஒன்றால் மூழ்கி, 2021 இறுதியில் வறட்சியில் எழுந்தது. பழைய குடியிருப்பாளர் சிலர் தம் வீட்டு வாசலைத் தேடி வந்து நின்றார்கள். பத்திரிகைகள் அவர்களிடம் பேசின. 2024 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் பந்தபங்கன் எழுந்தபோது அந்த ஏரியின் மீனவர்களே படகில் ஆட்களை ஏற்றிப்போய்க் காட்டினார்கள், ஊரின் கதையைச் சொன்னார்கள், கொஞ்சம் காசும் பார்த்தார்கள். மவுசாகலைச் செய்திகளில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். கல் இருக்கிறது, சேறு இருக்கிறது, பார்க்க வந்தவர் இருக்கிறார். அங்கே இருந்தவர் இல்லை.

அவர்கள் எங்கே? ஒரு பகுதியினர் மேட்டில், புதிய மஸ்கெலியாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும். இன்னொரு பகுதியினர் கடல் கடந்தார்கள். ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டு வந்தவர்கள் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போனார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். பிரிந்தவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கே மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது, எழுத்தாளர் மு. சிவலிங்கம் அந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் கொழுந்துக் கூடைதான். அந்த ஊர்களில் இன்றும் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று கேட்டால் டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பெயர்கள் வரும். இந்த மக்கள் இரண்டு முறை ஊரை இழந்தவர்கள். ஊர் நீருக்குள் போனது முதல்முறை, தாங்களே கடலுக்கு அப்பால் போனது இரண்டாம் முறை. வறட்சி வருடங்களில் கைபேசிக்கு வரும் அந்தப் படத்தில் அவர்கள் தேடுவது வேறொன்று. கோயிலிலிருந்து எத்தனை கடை தள்ளி அரிசிக் கடை இருந்தது, பஸ் நின்ற இடம் எது என்று அவர்களால் சொல்ல முடியும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் பழைய பெர்குசன் இலங்கை டிரெக்டரிகள் தோட்டத்தின் பெயர், துரையின் பெயர், ஏக்கர் கணக்கு எல்லாம் தருகின்றன. தொழிலாளியின் பெயர் அதில் வராது. நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குல வரைபடங்களில் நீரேறுமுன் இருந்த பாதையும் ஓயாவும் கட்டடங்களும் குறிக்கப்பட்டிருக்கின்றன. 1969க்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி வரலாறு வந்துவிடும். தோட்டங்களின் செக்ரோல் புத்தகங்களில்தான் ஆட்களின் பெயர்கள் உண்டு, அவை தப்பியிருக்குமானால். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் மறுபடி கம்பனிகளுக்குப் போனபோதும் கந்தோர்ப் பத்திரங்கள் கைமாறின.

கல்லுக்கும் காலம் குறுகியதுதான். முழுதும் நீருக்கடியில் இருக்கும் கட்டடம் ஓரளவு தாங்கும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நடக்கும் மட்டத்தில் உள்ளதுதான் விரைவில் சிதையும். நீர் இறங்கும்போது அலை சுவரின் அடியை அரிக்கும். வெயில் பட்டுச் சாந்து வெடிக்கும். அடுத்த மழையில் அந்த வெடிப்புக்குள் நீர் புகும். மலைநீர் மென்மையானது, சுண்ணாம்பை மெல்லக் கரைத்து எடுத்துவிடும். போதாததற்குச் சரிவுகளிலிருந்து இறங்கும் மண் வேறு. களையெல்லாம் சுரண்டி நிலத்தை வெறுமையாக வைத்திருந்த கோப்பி, தேயிலைக் காலத்துப் பழக்கமும் பின்வந்த மரக்கறிச் செய்கையும் மலையின் மேல்மண்ணை ஓயாக்களுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்த மண் வந்து படியும் இடம் நீர்த்தேக்கத்தின் அடி. ஒவ்வொரு முறை ஊர் தெரியும்போதும் போன தடவையைவிடக் கொஞ்சம் குறைவாகவே தெரியும். சேற்றுக்குள் இறங்கிச் சுவரின்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்கள் இதையும் மனத்தில் கொள்ளவேண்டும். வெளியே காய்ந்து தெரியும் சேறு உள்ளே இளகியிருக்கும், ஆளுக்கும் ஆபத்து, சுவருக்கும் ஆபத்து.

ஆகவே செய்ய வேண்டியதைச் செய்யும் காலம் இதுவே. மஸ்கெலியா நீருக்குள் போனபோது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். அப்போது கடை நடத்தியவர்கள், குடும்பம் நடத்தியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் பிள்ளைகளின் நினைவுதான் கடைசிப் பதிவு. அதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள் வரைபடத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு முதியவர்களின் வாசலில் போய் உட்காரலாம். எந்தக் கடை எங்கே, தேர் எந்தத் தெருவால் வந்தது, பெருநாளுக்கு யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள், வெசாக் கூடு எங்கே கட்டினார்கள், நீர் வருகிறது என்று முதலில் யார் சொன்னார்கள், சாமி சிலையை மேட்டுக்குக் கொண்டுபோன நாளில் என்ன நடந்தது என்று கேட்கலாம். சிங்கள, முஸ்லிம் குடும்பங்களிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்தத் தெரு மூவருடையதும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்களோடு கைபேசியிலேயே பேசலாம். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மலையக வரலாறு படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணகங்கள் இருக்கின்றன, கொடுத்தால் வைத்துக்கொள்ள.

நீர் இறங்கும் பருவத்தில் செய்யவேண்டிய வேலை தனி. எஞ்சிய சுவர்களின் நீளம் அகலத்தை அளந்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றைய நீர்மட்டம் எத்தனை என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். அடுத்த வறட்சியில் அதே இடத்தில் நின்று அதே அளவுகளை எடுத்தால் எவ்வளவு அரிபட்டிருக்கிறது, எவ்வளவு மண் ஏறியிருக்கிறது என்பது தெரியும். பாதையோரத்தில், நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் மெதுவாகும் இடம் பார்த்து, மூன்று மொழிகளில் ஒரு பலகை வைக்க வேண்டும். பழைய டவுனின் படம், அதன் தெருக்கள், நீரேறிய வருடம், அங்கிருந்து எழும்பியவர்கள் எங்கெங்கே போனார்கள் என்ற விவரம் அதில் இருந்தால் போதும். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைபேசியைத் தூக்கும் யாத்திரிகர், எதைப் படம் எடுக்கிறோம் என்று வாசித்துவிட்டு எடுப்பார்.